மரம் பச்சை! வீடு சாம்பல்! 85 உயிர் குடித்த தீக்கங்கு

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாரடைஸ் என்று ஒரு மலையூர். பெயருக்கு அர்த்தம் 'சொர்க்கம்'. 2018 நவம்பர் 8-ந் தேதி அந்தச் சொர்க்கம் ஒரே நாளில் சுடுகாடானது!

அன்று காலை சுமார் 6.30 மணி. ஊருக்கு வெளியே மின் கோபுரத்தில் தேய்ந்துபோன இரும்புக் கொக்கி ஒன்று ஒடிந்தது. மின்கம்பி தொங்கியது. பொறி பறந்து காய்ந்த புல் பற்றியது. பலத்த காற்று தீயை ஊருக்குள் விரட்டியது.

85 பேர் பலி. பெரும்பாலோர் முதியவர்கள். 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் நாசம். மின்சாரக் கம்பெனி 2020-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

விசித்திரக் காட்சி

புகை அடங்கியதும் பல இடங்களில் வீடு தரைமட்டம். ஆனால் பக்கத்திலேயே பைன் மரம் பச்சையாக நின்றது! தீ அலையாக வந்து விழுங்கியிருந்தால் மரம் மிஞ்சுமா?

காரியத்தைக் கெடுத்தது கங்கு. காற்றில் ஒரு மைல் தாண்டியும் பறந்து வரும். கூரையோரத் தூம்பில் கிடக்கும் சருகில் விழும். காற்றுத் துவாரம் வழியாகப் பரணுக்குள் புகும். வீட்டுக்காரர் உயிர் தப்பி ஓடியபின், ஆளில்லாத வீடு உள்ளிருந்தே எரியும். ஒரு வீடு பற்றினால் அந்த அனலே அடுத்த வீட்டுக்குக் கொள்ளி!

தப்பிக்க வழி என்ன?

வீட்டுச் சுவரைச் சுற்றி 5 அடிக்கு எரியும் பொருள் எதுவும் கூடாது. செடி, சருகு வேண்டாம், சல்லிக்கல் போதும். விறகை 30 அடி தள்ளி அடுக்க வேண்டும். தூம்பில் சருகை அள்ள வேண்டும். காற்றுத் துவாரத்துக்கு அரைக்கால் அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத கம்பி வலை. மரவேலி சுவரைத் தொடக்கூடாது. மரப்பட்டைக் கூரையை மாற்றி, எளிதில் தீப்பற்றாத கூரை போட வேண்டும்.

பலன் உண்டா? உண்டு. தீயைத் தாங்கும்படி வீடு கட்ட 2008-ல் கலிபோர்னியா கடும் விதி கொண்டுவந்தது. பாரடைசில் அதன்பின் கட்டிய வீடுகளில் ஏறக்குறைய பாதி தப்பின. அதற்கு முன் கட்டியவற்றில் ஐந்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"என் வீடு சுத்தமா இருக்கு, எனக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. பக்கத்து வீட்டு விறகுக் குவியலில் விழுந்த கங்கு இரண்டு வீட்டையும் எரித்துவிடும். தெருவே சேர்ந்து சருகு அள்ளினால்தான் தெரு மிஞ்சும் என்று எச்சரிக்கிறார்கள், தீயணைப்பு நிபுணர்கள்.