இலவம்பஞ்சு மெத்தையும் சிக்ஸ் பேக்கும்

அக்கா மகன் மூன்று மாதமாக விடியற்காலையில் மொட்டைமாடியில் பாய் விரித்து கிரஞ்சஸ் எடுக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பனியனைத் தூக்கிக் காட்டி, "மாமா, நாலு பேக் வந்துடுச்சு. பாக்கி ரெண்டு எப்ப வரும்?" என்றான். சீட்டுக்காரரிடம் பணம் கேட்கிற தோரணை!

2008இல் 'வாரணம் ஆயிரம்' படம் வந்ததிலிருந்து சிக்ஸ் பேக் ஆசை இல்லாத பையனைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் அந்த ஆறும் புதிதாக வருவதில்லை. பிறக்கும்போதே வயிற்றில் இருக்கின்றன. தொப்பைக்காரருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

நெஞ்செலும்பின் நுனிப் பக்கமிருந்து இடுப்பெலும்பின் முன்பகுதி வரை இரண்டு தசைப் பட்டைகள் அருகருகே இறங்குகின்றன. நடுவில் ஒரு வெள்ளை நார்க்கோடு. அதுபோக, ஒவ்வொரு பட்டையின் குறுக்கேயும் நார்க்கட்டுகள் ஓடுகின்றன, பெரும்பாலோருக்கு மூன்று. இலவம்பஞ்சு மெத்தையைப் பார்த்திருப்பீர்கள். நூல் கோத்து இழுத்துக் கட்டிய இடம் பள்ளமாக இருக்கும், இடையில் பஞ்சு புடைத்து நிற்கும். வயிற்றிலும் அதேதான். நார்க்கட்டு உள்ள இடத்தில் தசை தன் முன்னுறையோடு ஒட்டிக் கிடக்கிறது. பயிற்சி செய்தால் இடைப்பட்ட தசை தடித்து மேலெழும். பஞ்சைக் கூட்டலாம், தையலை மாற்ற முடியாது.

மூன்று கட்டு என்றால் பக்கத்துக்கு நான்கு துண்டு, ஆக மொத்தம் எட்டு வர வேண்டுமே? கட்டுகள் பெரும்பாலும் தொப்புள் மட்டத்திலும் அதற்கு மேலும்தான் இருக்கின்றன. தொப்புளுக்குக் கீழே மிச்சமிருப்பது ஒரே நீளத் துண்டு. அது கட்டமாகத் தெரியாததால் கணக்கில் சேர்வதில்லை. சிலருக்குக் கட்டுகள் இரண்டுதான், சிலருக்கு நான்கு. ஏழு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகரின் பழைய படங்களை எடுத்து எண்ணிப் பாருங்கள். நான்குக்கு மேல் தேறாது.

கருவில் முதுகுத்தண்டின் இரு பக்கமும் வரிசையாகத் துண்டு துண்டாக உருவாகும் திசுக்களிலிருந்துதான் இந்தத் தசை பிறக்கிறது. அந்தத் துண்டுகளின் தடமே இந்தக் கட்டுகள் என்பார்கள். முதுகில் தொடங்கிய கணக்கு வயிற்றில் தெரிகிறது!

சரி, இருப்பது ஏன் தெரிவதில்லை? மேலே கொழுப்புப் போர்வை. வயிற்றுக்குப் பயிற்சி கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பது ஜிம்களில் சாகாத நம்பிக்கை. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 24 பேரில் ஒரு பகுதியினர் ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தார்கள். கிரஞ்சஸ் எண்ணிக்கை கூடியது. வயிற்றுக் கொழுப்பு அசையவில்லை. உடம்பின் பல இடங்களிலிருந்தும் கொழுப்பு இரத்தத்தில் கலந்து தசைக்கு வருகிறது. எந்த இடத்துச் சேமிப்பை முதலில் எடுப்பது என்பதை ஹார்மோன்களும் மரபணுவும் முடிவு செய்கின்றன. ஆண்களுக்கு அடிவயிறு பெரும்பாலும் கடைசி வரிசை.

கரைந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையாக என்பார்கள், சூடாக என்பார்கள். 2014இல் ஆஸ்திரேலியாவின் ரூபன் மியர்மேனும் ஆண்ட்ரூ பிரவுனும் இதற்கு அணுக்கணக்குப் போட்டார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீர். தொப்பையின் பெரும்பகுதி மூக்கு வழியாகப் போகிறது! அதற்காக உட்கார்ந்து வேகவேகமாக மூச்சு விட்டால் தலைதான் சுற்றும். சாப்பிடுவதைவிடச் செலவழிப்பது கூடினால்தான் கொழுப்பு எரியும். தண்டால், நடை, சோற்றின் அளவு எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம்.

பையனைப் பாயில் மல்லாக்கப் படுக்கச் சொன்னேன். முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களை அழுத்தி வைக்கச் சொன்னேன். பட்டை இரண்டும் கட்டை மாதிரி இறுகின. நடுக்கோட்டின் பள்ளத்தில் விரல் இறங்கியது. குறுக்கே தடவித் தடவிப் பார்த்தவன் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னான்: "மாமா, இடது பக்கக் கோடு வலது பக்கத்தைவிட ஒரு விரக்கடை மேல இருக்கு."

அதுவும் சகஜம்தான்டா என்றேன்.