மீட்டிங்கில் இல்லாத ஆள்

வேலை நேரம் – தொடர்: 11

வேலூர் லாங் பஜாரில் விடிவதற்குள் சரக்கு லாரி வந்து நின்றுவிடும். எந்த மூட்டையை எங்கே இறக்குவது, பழைய சரக்கை முன்னால் தள்ளுவதா பின்னால் வைப்பதா என்று முதலாளியும் கணக்கப்பிள்ளையும் மூட்டை தூக்குகிறவரும் கடை வாசலில் நின்றபடியே பேசி முடிக்கிறார்கள். உள்ளே இடமில்லை என்றால் தூக்குகிறவர் அங்கேயே சொல்லிவிடுவார். முதலாளி உடனே வேறு வழி பார்ப்பார். முடிவெடுப்பவரும் அந்த முடிவைத் தோளில் சுமக்கப்போகிறவரும் ஒரே இடத்தில் நிற்பதால் பேச்சு நீள்வதில்லை.

அங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, ஆம்பூரில் உள்ள ஒரு பெரிய ஷூ கம்பெனியில் இந்த இருவருக்கும் நடுவே நாலைந்து பதவிகள் வந்துவிடுகின்றன. அந்த இடைவெளியைக் கடப்பதற்காகத்தான் மீட்டிங் போடுகிறோம். பெரும்பாலான மீட்டிங்குகள் அதைக் கடப்பதில்லை என்பதே என் எண்ணம்.

பதினைந்து பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போவது 15 மணி நேர உழைப்பு. எட்டு மணி நேர ஷிஃப்டில் அது ஏறக்குறைய இரண்டு ஆட்களின் முழு நாள். இந்தக் கணக்கைப் பலரும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆனால், தோல் தொழிலில் இதைவிடப் பெரிய செலவு வேறிடத்தில் இருக்கிறது. காலை ஷிஃப்ட் தொடங்கிய முதல் அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிங்கிலிருந்து வந்த துண்டுகளில் இடது காலுக்கும் வலது காலுக்கும் ஷேட் பொருந்தவில்லை. ஒரு மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் லீவு, அவர் இடத்தில் யாரை உட்கார வைப்பது என்று தெரியவில்லை. லைனுக்கு சூப்பர்வைசர் மிகவும் தேவைப்படும் நேரம் அது. அவரோ மாடியில் ப்ரொடக்‌ஷன் மீட்டிங்கில், நேற்றைய எண்ணிக்கை வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதே எண்ணிக்கை கீழே லைன் போர்டில் நேற்று மாலையே எழுதப்பட்டிருக்கும்.

நடந்து முடிந்ததை வாசிக்க மீட்டிங் வேண்டியதில்லை. போர்டு போதும், வாட்ஸ்அப் போதும். கூடிப் பேசித்தான் ஆக வேண்டும் என்ற விஷயம் ஒரு ஷூ கம்பெனியில் ஒரு நாளில் இரண்டோ மூன்றோ இருக்கும். டேனரியிலிருந்து தோல் இரண்டு நாள் தள்ளி வரப்போகிறது என்றால் எந்த ஆர்டரை முன்னே இழுப்பது? கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமானால் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்தக் கூலியில் லாபம் முழுதும் கரைந்துவிடும். இங்கே டேனரிக்காரர், கட்டிங், ஸ்டிச்சிங், டெஸ்பாட்ச் நான்கு பேரும் ஒன்றாக நின்று பத்து நிமிடம் பேசியே ஆக வேண்டும். மற்ற பதினோரு பேர் அவரவர் இடத்தில் இருக்கலாம்.

வேலை செய்கிறவரையும் கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1929-இல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன், ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த குழுக்களை 1931 அறிக்கையில் வலியுறுத்தியது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்கும்படி அரசு உத்தரவிட வழி செய்தது. அதில் தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கமிட்டி தொடர்கிறது. சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. கமிட்டி எந்த நேரத்தில், எந்த மொழியில் கூடுகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையலில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். ஷிஃப்ட் முடிந்த பிறகு கமிட்டி கூடும் என்று அறிவித்தால், பஸ்ஸை விட்டுவிட்டு யார் உட்காருவார்? வீட்டில் பிள்ளை காத்திருக்கும், அடுப்பு காத்திருக்கும். வருகிறவர்கள் ஊரிலேயே இருக்கும் சில ஆண்கள்தான். பிறகு, ‘பெண்கள் எதுவும் சொல்வதில்லை’ என்று மினிட்ஸில் பதிவாகும். அந்தக் கூட்டத்தை வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு நடத்த வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

மொழியும் அப்படித்தான். ஆம்பூர், வாணியம்பாடியில் தமிழும் உருதும் தெருவெல்லாம் கலந்து ஒலிக்கும். டேனரிகளில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்களின் மொழிகளும் சேர்ந்துகொள்ளும். மேலே திரையில் ஓடுவது மட்டும் இங்கிலீஷ். பையருக்கு அனுப்புவது இங்கிலீஷில் இருக்கட்டும். லைனுக்குப் போகும் முடிவை லைன் பேசும் மொழியில் சொல்லாவிட்டால், அதை மறுபடி விளக்க இன்னொரு மீட்டிங் தேவைப்படும்.

சரியாக நடந்த கூட்டத்துக்கும் உதாரணம் தொலைவில் இல்லை. ஜப்பானில் 1962-இல் தர நிபுணர் இஷிகாவா தொடங்கிவைத்த தர வட்டங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது பொதுத்துறை நிறுவனமான பெல் (BHEL). ஹைதராபாத் ராமச்சந்திரபுரம் ஆலையில் 1980-களின் தொடக்கத்தில் அது நடந்தது. ராணிப்பேட்டையில் ஆலை வைத்திருக்கும் அதே பெல்தான். ஒரே இடத்தில் ஒரே வேலை பார்க்கும் ஆறிலிருந்து பத்துப் பேர், வாரம் ஒரு மணி நேரம், தங்கள் பிரச்சினை ஒன்றைத் தாங்களே தேர்ந்துகொண்டு கூடுவார்கள். காரணங்களை மீன் முள் போலக் கிளைபிரித்து எழுதுவார்கள். எந்தக் காரணத்தால் அதிகச் சேதம் என்று எண்ணிப் பார்ப்பார்கள். மாற்றத்தைச் செய்து பார்த்துவிட்டு, பிறகு நிர்வாகத்தின் முன் நின்று விளக்குவார்கள். தலைகீழாக மாறிய விஷயம் அதுதான்: இங்கே அறிக்கை கொடுப்பவர் தொழிலாளி, கேட்பவர் மேலாளர். தொழிலாளரை இப்படித் தர வேலையில் சேர்த்துக்கொண்ட சென்னையின் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. பின்னாளில் தர வட்டம் என்பது பல ஆலைகளில் கோப்பைக்கான போட்டியாகச் சுருங்கிப்போனதும் உண்மை. பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மேலே போன அன்றே அது சுருங்கத் தொடங்கிவிடும்.

கூட்டம் நீளமாக இருந்தால்தான் பலன் தரும் என்பதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், நர்ஸ் ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை, என்ன ஆபத்து வரலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. தொடக்கத்திலேயே ஒரு முறை வாய் திறந்துவிட்ட நர்ஸ், பிறகு தவறு ஒன்றைப் பார்த்தால் பெரிய டாக்டரிடம் சொல்லத் தயங்குவது குறையும் என்பதற்காகவே பெயர் சொல்லும் வழக்கம் அதில் சேர்க்கப்பட்டது.

இதை ஷூ கம்பெனிக்குள் கொண்டுவருவது கடினமல்ல. லைன் பக்கத்திலேயே நின்று பத்து நிமிடம் பேசுங்கள். கடைசி நாற்காலியில் இருக்கிற ஹெல்பர் முதலில் பேசட்டும், மேனேஜர் கடைசியில் பேசட்டும். மேனேஜர் முதலில் பேசிவிட்டால் அதன் பிறகு வருவதெல்லாம் “சரிங்க சார்” மட்டும்தான். எப்போது முடியும் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு முன் முடிந்தாக வேண்டும் என்று தெரிந்தால் பேச்சு தானாகவே கருத்துக்கு வந்துவிடும். மற்ற நாட்களுக்கும் அப்படி ஒரு கெடு இருக்கட்டும்.

பாதுகாப்புக் கமிட்டியை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட் பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். தொட்டியில் மட்டம் ஏறுவதை, சுவரில் ஈரம் கசிவதை எந்த ஆலையிலும் முதலில் பார்க்கக்கூடியவர் அதன் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர். பக்கத்து ஷெட்டில் படுத்துறங்குகிறவருக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. இந்த இருவரும் இல்லாமல் கூடும் பாதுகாப்புக் கமிட்டி எத்தனை பக்கம் மினிட்ஸ் எழுதினாலும் எனக்கு நம்பிக்கை வராது. கையுறை கேட்டால், மூடி கேட்டால், வெளிச்சம் கேட்டால் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று தமிழிலும் உருதுவிலும் எழுதி கேன்டீன் சுவரில் ஒட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். தேதி கடந்தும் நடக்காததை அழிக்காமல் அதே தாளில் சிவப்பு மையில் விட்டுவைத்து, அடுத்த கூட்டத்தை அந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

(தொடரும்)