உங்களுக்குத் தெரியுமா? மக்கிய பிறகும் சாமை சாமைதான்!

கல்வராயன் மலைச் சரிவில் சாமையும் விளைகிறது, மரவள்ளியும் விளைகிறது. இரண்டும் மக்கிச் சேறான பிறகும் எது எது என்று ஆய்வகத்தில் சொல்லிவிடலாம். காற்றிலுள்ள கார்பனில் நூற்றுக்குச் சுமார் 1 பங்கு, எடை கூடிய கார்பன்-13. மரவள்ளி, நெல், காட்டு மரங்கள் இதைச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கிவிடும். சாமை, கேழ்வரகு, கரும்பு, மக்காச்சோளம் அந்த அளவுக்கு ஒதுக்குவதில்லை. இலை அழுகினாலும் இந்த வேறுபாடு அழிவதில்லை.

இதை வைத்து நீலகிரியில் நடந்த ஆய்வு அருமையானது. ஊட்டிப் பக்கத்துச் சதுப்புகளில் செடிகொடிகள் முழுதாக மக்காமல் கறுத்துப் படிந்து கிடக்கின்றன, பீட் என்பார்கள். யானை ஆய்வாளராக நாம் அறிந்த ராமன் சுகுமாரும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர். ரமேஷும் மற்றவர்களும் அந்தப் பீட்டை அடுக்கடுக்காக எடுத்து, கார்பனை அளந்தார்கள். 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது சுமார் 20,000 ஆண்டுக் கதை! மழை வலுத்த காலங்களில் மரஞ்செடிகளின் கார்பன், வறண்ட காலங்களில் சாமையைப் போன்ற வெப்பப் புற்களின் கார்பன். சுமார் 6000 முதல் 3500 ஆண்டுகளுக்கு முன்பு வரை நீண்ட வறட்சி என்பதும் அதில் தெரிந்தது.

அங்கே மட்டும் ஏன் இவ்வளவு மிஞ்சியது? கல்வராயன் ஏறக்குறைய 2000 முதல் 3000 அடி. ஊட்டி 7000 அடிக்கும் மேல். உறைபனி விழும் குளிரில் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிவிடும். நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜனும் எட்டாது. லடாக், சைபீரிய ஏரிகளின் அடியிலும் குளிர் இப்படித்தான் கைகொடுக்கிறது.

ஏரிச் சேற்றிலுள்ளது பாசியா, கரையிலிருந்து வந்த இலையா? நைட்ரஜனைப் பாருங்கள். பாசியில் புரதம் அதிகம். நைட்ரஜன் 1 பங்குக்குக் கார்பன் 10 பங்குக்கும் குறைவு. நிலத்துச் செடிகளில் பெரும்பாலும் 20க்கு மேல்.

நிலத்து இலைக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. இலை மீது விழும் மழைத்துளி உருண்டோடச் செய்யும் மெழுகு இருக்கிறதே, அது சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் தாங்கும். அதிலுள்ள ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளில் 27, 29, 31 என ஒற்றைப்படைக் கார்பன்களே மிகுதி.

கல்வராயன் அடிவாரத்தில், 1960களில் கட்டிய கோமுகி அணையிலும் மலையின் இலைதழை வந்து படிகிறது. தூர்வாரினால் அடுக்குகள் கலைந்துவிடும். அதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் குழாயை வண்டலுக்குள் இறக்கி, அடுக்குக் கலையாமல் எடுத்து வைக்க வேண்டும். கள்ளக்குறிச்சிக் கல்லூரி மாணவர்களே செய்யக்கூடிய வேலை இது.