டிக்கெட்டில் ஆறு மணி நேரம், வானத்தில் பதினொன்று!

(9 ‘ஆ’ பிரிவு மாணவி)

எங்க அண்ணன் மேல்படிப்புக்காக ஜனவரி மாசம் சென்னையிலிருந்து லண்டன் போனான். அப்பாவும் அம்மாவும் வழியனுப்பப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் பாட்டியும்தான். டிக்கெட் நகலைப் பார்த்தேன். புறப்பாடு காலை 5.30, சேர்வது 11.15. உடனே கழித்தேன். “அஞ்சே முக்கால் மணி நேரம்தான் பாட்டி, பதினொன்றரைக்குப் போன் பண்ணிடுவான்” என்று சொல்லிவிட்டேன்.

பதினொன்றரை ஆச்சு, போன் வரல. ஒரு மணி ஆச்சு, வரல. பாட்டி சோறு வேண்டாம்னுட்டு வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க. எனக்கும் வயிறு கலக்கியது. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் அண்ணன் பேசினான், “இப்பத்தான் இறங்கினேன்” என்று! பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

மறுநாள் சமூக அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். டிக்கெட்டில் கிளம்புவது இந்திய நேரம், இறங்குவது லண்டன் நேரமாம். பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைப்படி ஓடுகிறது. லண்டன் கிரீன்விச், 0 டிகிரி. 82½-ஐ 15-ஆல் வகுத்தால் 5½ மணி. ஆக லண்டனில் 11.15 என்றால் நமக்கு மாலை 4.45. பயணம் 11¼ மணி நேரம்!

அவ்வளவு தூரமா? அட்லஸில் ஸ்கேல் வைத்தேன், கோடு அரபு நாடுகள் மேலே போனது. மிஸ் சிரித்துக்கொண்டே குளோபைக் கொடுத்து நூலால் அளக்கச் சொன்னார். நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே வளைந்து காஸ்பியன் கடல் மேலே போகிறது! உருண்டையில் அதுதான் குறுக்கு வழி. பூமத்திய ரேகையைச் சுற்றிய நூல் 94 செ.மீ., அது 40,000 கி.மீ. சென்னை–லண்டன் நூல் 19.3 செ.மீ. கணக்குப் போட்டால் சுமார் 8,200 கி.மீ.

விமானம் மணிக்கு சுமார் 900 கி.மீ. பறக்கும். அப்போ 9 மணி நேரம் போதுமே, மீதி இரண்டு எங்கே போச்சு? விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ‘ஜெட் காற்று’ வேகமாக வீசுகிறது. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால் திரும்பி வர நேரம் குறைவு. நூல் போன வழியும் அப்படியே கிடைக்காது. அது உக்ரைன் மேலே போகிறது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் அந்த வான்வெளி மூடப்பட்டது. சுற்றித்தான் போகணும். ஓடுபாதையில் ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் தனி.

அண்ணன் ஜூலையில் லீவுக்கு வருகிறான். கோடையில் லண்டன்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அப்போ வித்தியாசம் 4½ மணிதான். அங்கே பகல் 1 மணிக்குக் கிளம்பி, இங்கே விடிகாலை 3.30-க்கு இறங்கினால் பயணம் எத்தனை மணி நேரம்? விடை தெரிந்தவர்கள் எங்க வகுப்புக்கு வந்து சொல்லுங்கள். நான் இந்தத் தடவை மிஸ்ஸிடம் காட்டிவிட்டுத்தான் பாட்டிகிட்ட சொல்லப் போறேன்.