சனிக்கிழமை யோகா வகுப்பும் இரட்டிப்புச் சம்பளமும்

“மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி? சிறப்புப் பயிலரங்கம். சனிக்கிழமை காலை 9 மணி. வருகை கட்டாயம்.” இந்த மாதிரி ஒரு சுற்றறிக்கை இப்போது பல அலுவலகங்களில் வருகிறது. வாரம் முழுக்க இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் லீவு நாளையும் வாங்கிக்கொண்டு, மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மூச்சுப்பயிற்சியைக் குறை சொல்வதற்கில்லை. பலருக்கு அது உண்மையாகவே உதவுகிறது. ஆனால் டென்ஷன் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சு மட்டும் அந்த அறையில் எழுவதில்லை. அது ஊழியரின் மனதுக்குள் முளைக்கும் ஏதோ ஒரு பலவீனம் என்றும், அதைச் சரிசெய்துகொள்வது அவர் பொறுப்பு என்றும் முடிவுகட்டியாகிவிட்டது. அறிவியலும் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

ஆபத்து என்று மூளை முடிவு செய்த நொடியில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. சற்று நேரத்தில் கார்ட்டிசால் சேர்ந்துகொண்டு, சேமிப்பில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. துரத்தும் நாயிடமிருந்து ஓடித் தப்ப இந்த ஏற்பாடு போதும். ஓடி முடித்ததும் எல்லாம் அடங்கிவிடும். டார்கெட்டும் இ.எம்.ஐ.யும் துரத்தும்போது ஓடி முடிப்பது என்ற ஒன்று இல்லை. ஹான்ஸ் செலியே என்ற ஆய்வாளர் 1936-இல் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், குளிர், காயம், நஞ்சு என்று எந்தத் துன்பத்தைக் கொடுத்தாலும் உடலுக்குள் ஒரே மாதிரியான சேதம் வருவதைக் கண்டார். அட்ரினல் சுரப்பி வீங்கியது, இரைப்பையில் புண் வந்தது. மனித உடலிலும் மாதக்கணக்கில் நீளும் நெருக்கடி தூக்கத்தைக் கெடுக்கிறது, ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் கூட்டுகிறது, நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கிறது. நம் ஊரில் இது பெரும்பாலும் மனநலப் பிரச்சினை என்ற பெயரில் டாக்டரிடம் போவதில்லை. தலைவலி, அசதி, முதுகுவலி, ‘கேஸ் ட்ரபிள்’ என்றுதான் போகிறது. ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் இடது கைக்குப் பரவும் வலியும் வந்தால் டென்ஷன் என்றோ வாயு என்றோ சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

யாருக்கு இந்தப் பாதிப்பு அதிகம்? பொறுப்பு கூடக்கூட நெருக்கடியும் கூடும், ஆகவே மாரடைப்பு முதலாளிகளின் நோய் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். லண்டன் வைட்ஹாலில் இருந்த அரசு ஊழியர்கள் அந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டார்கள். 1967-இல் தொடங்கிய ஓர் ஆய்வு சுமார் 18,000 ஆண் ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மேல்மட்ட அதிகாரிகளோடு ஒப்பிட்டால், அடிமட்டத்தில் இருந்த கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம். புகைப்பழக்கம், ரத்தக்கொதிப்பு, கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

மைக்கேல் மார்மட்டின் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, இந்த முறை பெண்களையும் சேர்த்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கவனித்தது. அதில் கிடைத்த விடைகளில் முக்கியமானது, தன் வேலையின் மீது தனக்கு இருக்கும் பிடி. எதை முதலில் செய்வது, எப்போது எழுந்து தண்ணீர் குடிப்பது, எந்த வேகத்தில் போவது என்பதில் ஊழியருக்குச் சொந்த முடிவு எவ்வளவு குறைகிறதோ, இதயநோய்க்கான ஆபத்து அவ்வளவு கூடியது. ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி புடவை விரிக்கும் பெண்ணையும், செயலி சொல்லும் நிமிடத்துக்குள் பிரியாணியைச் சேர்க்க வேண்டிய டெலிவரி பையனையும் நினைத்துக்கொண்டால் விஷயம் புரியும். வேலை கடினமா சுலபமா என்பது அப்புறம். ‘கொஞ்சம் இரு’ என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

ஊக்கத்தொகை கொடுத்து இதைச் சரிக்கட்டலாம் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதில் யோசிக்க வைப்பது. புதிர் விளையாட்டை ஆர்வத்தோடு ஆடிய மாணவர்களில் ஒரு பிரிவுக்கு, விடுவித்த புதிர் ஒவ்வொன்றுக்கும் பணம் தந்தார். பணம் நின்றதும் அவர்களுக்கு அந்தப் புதிரிலேயே ஆர்வம் குறைந்தது. பணமே வாங்காதவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். சம்பளம் முக்கியமில்லை என்பது இதற்குப் பொருளல்ல. (சம்பளத்தைக் குறைக்க இந்தச் சோதனையைத் துணைக்கு அழைக்கும் எச்.ஆர். யாராவது இருந்தால் அது அவர் சாமர்த்தியம்.) தானாக முடிவெடுக்கும் இடம், தன் வேலை கைவந்துவிட்டது என்ற நிறைவு, கூட வேலை செய்பவர்களோடு ஒட்டுறவு ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் பணம் மட்டும் மனதை நெடுநாள் இழுத்துப்போகாது என்று டெசியும் ரிச்சர்ட் ரையனும் பின்னாளில் விரித்தெழுதினார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல், வேலையால் ஒருவர் முற்றாகச் சோர்ந்துபோவதை, பணியிடத்தில் ஓயாமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. களைப்பு, வேலையின் மேல் வெறுப்பு, ‘என்னால் ஒன்றும் ஆகவில்லை’ என்ற எண்ணம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

சோர்வு எப்போது நோயாகிறது? பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே இருப்பது, பிடித்தது எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் மாறிப்போவது, கவனம் நிற்காமல் போவது என்று இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டமும் நடைமுறையில் இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

இங்கேதான் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைத் தெரிந்துவைத்திருப்பது உதவும். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை ஆக்கியது. உங்கள் சிகிச்சை பற்றிய தகவல் ரகசியம். சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவமனை அதை வெளியில் சொல்லக் கூடாது. ‘என் ஆளுக்கு என்ன ஆச்சு’ என்று மேனேஜர் போன் போட்டுக் கேட்டாலும் இதே விதிதான். மனநோய் என்று மருத்துவர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று கருதிவிட முடியாது. அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம்.

காப்பீடு பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 21(4) பிரிவு. ‘மனநோய் எங்கள் பாலிசியில் இல்லை’ என்று ஒரு நிறுவனம் கைவிரித்த வழக்கில், 2021-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் உடல்நோய்க்கே படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும் பாலிசி, வெளிநோயாளியாகப் பெறும் ஆலோசனைக்கும் தராது. கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணமில்லை, வக்கீல் வேண்டியதில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவர்களுக்கு இன்னொரு வழி. நோய்க்கால விடுப்பில், இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றின் பேரில், ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்டகால நோய்கள் என்று இ.எஸ்.ஐ. வைத்திருக்கும் 34 நோய்களின் பட்டியலில் தீவிர மனநோய்களும் உண்டு. அவற்றுக்கு 80 சதவீதம், இரண்டாண்டுவரை நீட்டிக்கலாம். இது தெரியாமல் சம்பளமில்லா லீவு போட்டு வட்டிக்கு வாங்குகிற குடும்பங்கள் இருக்கின்றன.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவே சிலர் பயப்படுகிறார்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று. பயம் வேண்டாம். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரின் கடமையில் தலையிட்டு நெருக்குவதற்காகச் செய்யும் முயற்சி மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றமாக நிற்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கோ தெரிந்தவருக்கோ வந்தால் 14416, தமிழக அரசின் 104, சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 044-24640050 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை அழையுங்கள். ஆபத்து கண்ணெதிரே இருந்தால் அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மாத்திரை, ஆலோசனை, லீவு எல்லாம் முடிந்து தேறியவர் திரும்பிப் போவது அதே நாற்காலிக்குத்தான். ஆகவே வேலையின் ஏற்பாட்டைத் தொடாத சிகிச்சை பாதிச் சிகிச்சை. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு சொல்கிறது. தமிழ்நாட்டில் கடையானாலும் தொழிற்சாலையானாலும் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் ‘டீம் லீடர்’ பட்டம் சூட்டும் இடங்கள் இருக்கின்றன. பார்க்க வேண்டியது பட்டத்தையல்ல, செய்யும் வேலையை.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. சென்னையில் தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அப்போது சரியாக நூறு ஆண்டு. தமிழ்நாட்டில் 2021-இல் வந்த சட்டத் திருத்தப்படி கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். கேரளம் 2018-இலேயே செய்தது. இருக்கையைக் கண்ணில் படும்படி போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் கடைகளும் சட்டத்தை மீறுவனதான்.

புகார் எங்கே? கடை, நிறுவனம் என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தனியாகப் போவதைவிட நாலு பேராகச் சேர்ந்தோ தொழிற்சங்கம் வழியாகவோ போவது நல்லது. வந்த நேரம், போன நேரத்தைச் சொந்தமாக ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் வருகைப் பதிவேடு முதலாளி கையில் இருக்கிறது. சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமலிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் அது தனிநபர் மசோதாவாக வந்தது, சட்டமாகவில்லை. அது சட்டமாகும்வரை, இரவு பத்தரைக்கு ‘நாளைக்குள் ரிப்போர்ட் வேணும்’ என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை எரிச்சலில் அழித்துவிடாதீர்கள். தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி. கேட்டுப் போகும் நாளில் அந்த நோட்டோடு அதையும் காட்டலாம்.