மழை வந்தால் மேட்ச் போச்சா? இதெல்லாம் தெரியுமா?

மழை வந்தால் கிரிக்கெட்டை நிறுத்துவார்கள். மழைக்காலம் வந்தால்தான் கிரிக்கெட்டையே தொடங்குவோம் என்கிற ஊர் ஒன்று இருக்கிறது, தெரியுமா?

மும்பை! அங்கே ‘காங்கா லீக்’ என்று ஒரு போட்டி. ஹோர்மஸ்ஜி காங்கா என்ற பார்சி டாக்டர், அவரே ஒரு கிரிக்கெட் வீரர். அவர் நினைவாக 1948-ல் ஆரம்பித்தார்கள். எந்தப் பருவத்தில் ஆடுவார்கள் தெரியுமா? ஊரே குடையோடு அலையும் பருவமழைக் காலத்தில்! பிட்சை மூடிவைக்கிற பேச்சே கிடையாது. பெய்வது பெய்யட்டும், விட்டதும் ஆடுவோம்!

பந்து ஒரு முறை காலடியில் உருளும், மறுமுறை மூக்கைப் பதம் பார்க்கும். மழையில் மதமதவென்று வளர்ந்த புல்லில் தரையோடு அடித்த பந்து பாதி வழியிலேயே படுத்துவிடும். ரன் வேண்டுமா? தூக்கித்தான் அடிக்க வேண்டும்! இந்தச் சேற்றில் 1984-ல் இறங்கிய ஒரு பொடியனுக்கு வயது 11. ஜான் பிரைட் கிளப்புக்காக ஆடினான். பெயர்? சச்சின் டெண்டுல்கர்!

இந்த லீக் ஆட்டங்கள் நடக்கும் ஆசாத் மைதானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சுமார் 25 ஏக்கர். அதற்குள் 22 பிட்ச்! உங்கள் ஸ்லிப் ஃபீல்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து மேட்ச்சின் மிட்-ஆன் நிற்பார். மழை வந்தால் ஒரே நேரத்தில் எத்தனை அணிகள் ஓடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்!

மழை நிறுத்துவது இருக்கட்டும். கடலே வந்து நிறுத்தும் மேட்ச் தெரியுமா?

இங்கிலாந்தின் தென்கரையில் சோலென்ட் நீரிணைக்கு நடுவே ‘பிராம்பிள் பேங்க்’ என்றொரு மணல்திட்டு. கடல் மிகவும் வற்றும் நாளில் ஒரு மணி நேரம் போல வெளியே தலைகாட்டும், அவ்வளவுதான்! அந்த இடைவெளியில் இரண்டு படகு கிளப்காரர்கள் படகில் வந்து இறங்கி, ஸ்டம்ப் நட்டு, கணுக்கால் தண்ணீரில் கிரிக்கெட் ஆடுவார்கள். அலை ஏறியதும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெயித்தது யார்? அதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுவார்கள்! போன வருஷம் நீங்கள், இந்த வருஷம் நாங்கள். உலகத்திலேயே சண்டை வராத கிரிக்கெட் இதுவாகத்தான் இருக்கும்!

1991. இங்கிலாந்தின் நாட்வெஸ்ட் கோப்பை. ஒரு பக்கம் சம்பளம் வாங்கி ஆடும் டெர்பிஷைர். எதிரே ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் என்ற குட்டி அணி. மழை ஆட்டத்தையே தின்றுவிட்டது. முடிவுக்கு என்ன செய்தார்கள்? பேட்ஸ்மேனே இல்லாத ஸ்டம்பை நோக்கி மாறி மாறிப் பந்து வீசச் சொன்னார்கள்! குட்டி அணி 2 முறை ஸ்டம்பைத் தட்டியது. பெரிய அணி? ஒரே ஒரு முறை! மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால் அந்த வெற்றி குட்டி அணிக்குக் கிடைத்திருக்குமா?

நனைந்த பிட்ச் எவ்வளவு பொல்லாதது? 1950 டிசம்பர், பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா - இங்கிலாந்து டெஸ்ட். மழைக்குப் பிறகு ஒரே நாளில் 20 விக்கெட் காலி! மொத்தம் எடுத்த ரன் எத்தனை? 130-தான்! இங்கிலாந்து 68 ரன்னுக்கு 7 விக்கெட் போனதும் டிக்ளேர் செய்தது. ஆஸ்திரேலியா என்ன சளைத்ததா? 32 ரன்னுக்கு 7 விக்கெட் போன நிலையில் அதுவும் டிக்ளேர்! “இந்தச் சகதியில் நாங்கள் ஆட மாட்டோம், நீங்களே ஆடுங்கள்” என்று இரண்டு கேப்டன்களும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டிய கதை இது. கடைசியில் ஜெயித்தது ஆஸ்திரேலியா, 70 ரன்னில்.

மழை சரி, பனி? 1975 ஜூன் 2. இங்கிலாந்தில் அது கோடைக்காலம்! பக்ஸ்டன் மைதானத்தில் பனி கொட்டி ஆட்டம் நின்றது. அதற்கு முந்தின ஆட்ட நாளில் அதே மைதானத்தில் லங்காஷைருக்காக கிளைவ் லாய்ட் 167 ரன் விளாசியிருந்தார். பனி உருகியதும் டெர்பிஷைர் ஆடியது. 42 ஆல் அவுட்! மறுபடியும் ஆடியது. 87 ஆல் அவுட்! (மேலே 1991-ல் மாட்டியதும் இதே டெர்பிஷைர்தான். பாவம், வானிலைக்கும் அவர்களுக்கும் ஏதோ பழைய பகை!)

பத்து நாள் இழுத்தும் முடிவு தெரியாத டெஸ்ட் தெரியுமா? 1939 மார்ச், டர்பன். முடிவு வரும்வரை ஆடலாம், நாள் கணக்கே இல்லை என்று பேசித் தொடங்கிய ஆட்டம். இங்கிலாந்துக்கு இலக்கு 696! எடுத்தது 5 விக்கெட்டுக்கு 654! இன்னும் 42 ரன்தான்... கொட்டியது மழை! காத்திருக்கலாமே? முடியாது, கேப் டவுனில் ஊர் திரும்பும் கப்பல் நிற்கிறது! ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். மேட்ச் டிரா!

ஒருநாள் சர்வதேச கிரிக்கெட்டைப் பெற்றெடுத்ததே மழைதான், தெரியுமா? மெல்போர்னில் ஆஸ்திரேலியா - இங்கிலாந்து டெஸ்ட் ஒரு பந்துகூட வீசாமல் மழையில் போனது. ஏமாந்த ரசிகர்களுக்காக 1971 ஜனவரி 5-ல் ஒரே நாளில் முடியும் ஆட்டம் ஒன்றை வைத்தார்கள். ஆளுக்கு 40 ஓவர், ஓவருக்கு 8 பந்து. கூட்டம் எவ்வளவு? 46 ஆயிரம் பேர்!

ஒரே பந்தில் 21 ரன் அடிக்க முடியுமா? 1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை. பன்னிரண்டே நிமிட மழை! திரும்பி வந்தால் 1 பந்து மிச்சம், 21 ரன் தேவை! அந்த அநியாயத்துக்குப் பிறகுதான் டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு கணக்குப் புலிகளின் முறை வந்தது. முதலில் பயன்பட்டது 1997 ஜனவரி 1, ஹராரேயில்.

அந்த முறையிலும் அதே தென்னாப்பிரிக்காதான் சிக்கியது! 2003 உலகக் கோப்பை, டர்பன், எதிரே இலங்கை. மழை வலுக்கிறது. ஓவரின் ஐந்தாவது பந்தில் முரளிதரனை பவுச்சர் சிக்ஸர் அடித்தார். போதும், ஜெயித்துவிட்டோம் என்று ஆறாவது பந்தைத் தட்டி நிறுத்திவிட்டார். ஆனால் ஜெயிக்க இன்னும் 1 ரன் வேண்டும்! ஆட்டம் டை. போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றோடு வெளியே!

நம் டி.என்.பி.எல். போட்டியில் மழை வந்தால் யாருடைய கணக்கு? பக்கத்து கேரளத்தின் திருச்சூர் என்ஜினீயர் ஜெயதேவன் உருவாக்கிய வி.ஜே.டி. முறை!

110 ஓவர் வீசியும் கோப்பை யாருக்கென்று தெரியாத இறுதிப்போட்டி? கொழும்பு, 2002 சாம்பியன்ஸ் டிராபி! முதல் நாள் இலங்கை 50 ஓவர் ஆடியது. இந்தியா 2 ஓவர் ஆடியதும் மழை. மறுநாள் முதலிலிருந்து ஆரம்பம். இலங்கை மறுபடி 50 ஓவர்; இந்தியா 8.4 ஓவர்... மறுபடி மழை! கோப்பை இருவருக்கும்!

2024 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டா. ஆப்கானிஸ்தான் - நியூசிலாந்து டெஸ்ட். ஐந்து நாளும் ஒரு பந்துகூட வீசவில்லை! மைதானத்தைக் காயவைக்க மின்விசிறியெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். ஊஹூம்! டெஸ்ட் வரலாற்றில் இப்படிப் போனது எட்டே எட்டு. இந்தியாவில் இதுதான் முதல்!

தார்ப்பாயை இழுக்கும் கைகளை யார் நினைக்கிறார்கள்? 2023 ஆசியக் கோப்பை இறுதிப்போட்டியில் இலங்கையை 50 ரன்னில் சுருட்டிய சிராஜ் நினைத்தார்! 6 விக்கெட் எடுத்ததற்குக் கிடைத்த 5,000 டாலரை அப்படியே கொழும்பு மைதானப் பணியாளர்களுக்குக் கொடுத்துவிட்டார். அந்தத் தொடர் முழுக்க மழையோடு மல்லுக்கட்டியவர்கள் அவர்கள்தானே!

இனி உங்கள் ஏரியா மேட்ச்சுக்கு வருவோம். நாலு தூறல் விழுந்ததும் “மேட்ச் கேன்சல்!” என்று தோற்கிற அணி கத்துகிறதா? விதிப் புத்தகத்தைக் காட்டுங்கள்! புல்லும் பந்தும் நனைந்துவிட்டன என்பது மட்டுமே ஆட்டத்தை நிறுத்தக் காரணமாகாது, தெரியுமா? ஆபத்து என்றோ, ஆடுவது நியாயமில்லை என்றோ அம்பயர்கள் முடிவு செய்ய வேண்டும். கால் வழுக்குகிறதா? மரத்தூள் போட்டுக்கொள்ளவும் விதியில் இடம் இருக்கிறது!

ஆனால் இடிச் சத்தம் கேட்டால் விதியும் வேண்டாம், வாதமும் வேண்டாம். பேட்டைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் ஓடுங்கள். மரத்தடிக்கு மட்டும் போகாதீர்கள்! கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மைதானத்தில் கால் வையுங்கள்!