ஆடும் பல்லுக்கு ஞானப் பல் வைத்தியம்!

காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது வாஷ்பேஸினில் லேசாகச் சிவப்பு தெரிகிறதா? 'பிரஷ் கொஞ்சம் முரடு' என்று குழாயைத் திறந்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிற கட்சியா நீங்கள்? ஒரு நிமிஷம் ஸார்... தப்பு பெரும்பாலும் பிரஷ்ஷில் இல்லை, ஈறுகளில்!

பல் என்னவோ தாடையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறோம். கிடையாது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப் படலம் ஒன்று ஊஞ்சல் கயிறு போலப் பல்லைத் தாங்குகிறது. தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர்! முறுக்கைக் கடிக்கும்போது ஷாக் அப்ஸார்பர் இதுதான்.

பல் இடுக்கு அழுக்கில் பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்த ஆரம்பித்தால், அவற்றை விரட்டக் கிளம்பும் நம் உடம்பே நாரையும் எலும்பையும் சேர்த்துக் கரைத்துவிடுகிறது. (மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை!) 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கவேண்டிய ஈறு இடுக்கு 5, 6 என்று பள்ளமாகிறது. வலி? அநேகமாக இருக்காது. அதுதான் வில்லங்கமே. பல் ஆடும்போதுதான் டாக்டர் ஞாபகம் வருகிறது.

காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டால் போன எலும்பு திரும்ப வளராதா? இங்கேதான் ஒரு ஓட்டப்பந்தயம். காலியான பள்ளத்துக்குள் ஈறின் மேல்தோல் செல்கள் சரசரவென இறங்கி வேரை ஒட்டி இடம் பிடித்துவிடும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்களே, அந்த மாதிரி! நாரும் எலும்பும் ஆமை வேகத்தில் வந்து சேரும்போது ஸீட் இல்லை. நோய் நிற்கும்; இழந்தது பெரும்பாலும் இழந்ததுதான்.

இந்த ஆமைகளுக்கு ரிசர்வேஷன் வாங்கித் தர முடியுமா? 2004-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸாங்டாவ் ஷி குழுவினர், பிடுங்கிப்போட்ட 25 ஞானப் பற்களின் வேரிலிருந்து நாரைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஸ்டெம் செல்கள்! அதாவது, இன்னும் என்ன உத்தியோகம் என்று முடிவாகாத செல்கள். எலிகளுக்குள் வைத்ததும் நார் மாதிரியும், வேரின் மேல்பூச்சு மாதிரியும் திசு உருவானது. (இதே ஷி, தன் மகளின் விழுந்த பால்பல்லில் சிவப்பாகத் திசு ஒட்டியிருந்ததைப் பார்த்து, பால்பற்களிலும் ஸ்டெம் செல் உண்டென்று 2003-ல் காட்டியவர். நாமாக இருந்தால் கூரைமேல் வீசியிருப்போம்!)

அடுத்தது டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகம். உபயோகமில்லாத பல் ஒன்றிலிருந்து நோயாளியின் சொந்த செல்களையே எடுத்து, 37 டிகிரி சூட்டில் விசேஷத் தட்டில் வளர்த்தார்கள். தோசை ஒட்டாமல் வர நாம் எண்ணெய் விடுவோம். அவர்கள் தட்டைக் குளிரவைக்கிறார்கள். செல்கள் முழுசாக, ஒரே ஏடாகக் கழன்று வருகின்றன! மூன்று ஏடுகளை அடுக்கி வேரில் ஒட்டி, பள்ளத்தில் கால்சியம் பாஸ்பேட் குருணையை நிரப்பினார்கள். 2018-ல் வெளியான முடிவு: 10 பேருக்கு ஆறு மாதத்தில் பள்ளம் சராசரியாக 3 மில்லிமீட்டர் போலக் குறைந்தது, எலும்பும் உயர்ந்தது.

உடனே விசில் அடிக்காதீர்கள்! இதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கோஷ்டி கிடையாது. 2016-ல் சீனாவின் ஷியான் நகர டாக்டர்கள் 30 பேரை இரு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு எலும்புத் தூளோடு ஸ்டெம் செல், இன்னொன்றுக்கு வெறும் தூள். எலும்பு இருவருக்குமே வளர்ந்தது... ஆனால் வித்தியாசம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை!

இந்த லட்சணத்தில் 'உங்கள் பல்லை பேங்கில் போட்டு வைக்கிறோம்' என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால் பர்ஸை எடுக்குமுன் யோசியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல், தொப்புள்கொடி ரத்தம் தவிர மற்ற ஸ்டெம் செல் பேங்க் வியாபாரம் எதையும் அனுமதிக்கவில்லை. ஈறு சிகிச்சை என்றால் முறையான ஆராய்ச்சிப் பரிசோதனையில் மட்டும்தான்.

பிடுங்கின ஞானப் பல்லை நாமே பத்திரப்படுத்தலாமே என்கிறீர்களா? ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தால் செல் பிழைக்காது. ரூம்மேட் வேண்டுமானால் அலறுவார்.